குட்டை முகடு

இத்தாலியின் அப்ருட்ஸோ மலையைக் குடைந்த ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர் எர்சிலியாவின் முஷ்டி, வாயுக் கலனுக்கு மின்னழுத்தம் தரும் மின்பெட்டியில் இறங்குகிறது. பெட்டியில் கட்டியிருக்கும் சிவப்புக் கொம்புத் தாயத்து துள்ளுகிறது. விண்வெளியை நிறைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எந்தத் திசையிலிருந்து வந்து மோதுகிறது என்பதை எஃகுக் கலனுக்குள் இருக்கும் வாயுதான் காட்ட வேண்டும். இப்போது சோதனைக்காக மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றுமாகத் துகள்கள் அந்த வாயுவைக் கிழித்துப் பாய்கின்றன. போகிற வழியெல்லாம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. பக்கவாட்டுத் துகள் பிய்த்தவை, மேல்கீழாக இழுக்கும் மின்புலத்தின் இழுப்பில் தப்பி வந்து திரையில் உயர்ந்த முகடாகின்றன. மேலிருந்து வந்த துகள் பிய்த்தவையோ, அதே தடத்தின் வழியே இழுபட்டு வருவதால் வழி நெடுக எலக்ட்ரான் பறிபோன அணுக்களிடம் சிக்குகின்றன. பாதி அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. முகடு குட்டையாகிறது. “வாயு மறுபடியும் பாதியை முழுங்கிடுச்சு! வோல்ட்டை ஏத்துறேன், ஒண்ணுகூட சிக்கக் கூடாது!” என்று அவள் மின்பெட்டியின் குமிழைப் பிடிக்கிறாள். கூட வேலை செய்யும் சவேரியோ பாய்ந்து அவள் மணிக்கட்டை முறுக்குகிறான். “பைத்தியக்காரி, கைய எடு! அது முழுங்குறத வெச்சுத்தான் திசையே தெரியும்!” “உன் திசையக் கொண்டுபோய்க் குப்பையில போடு!” அவள் முழங்கை அவன் வாயில் இடிக்கிறது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டுகிறது. குமிழ் முழுக்கத் திரும்புகிறது. கலனின் கண்ணாடியில் நீல வெளிச்சம் வெடிக்கிறது, துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு சத்தம், மின்பெட்டி செத்துப்போகிறது. வோல்ட் ஏறியபின், வெடிப்புக்கு முன் கடைசியாகப் பதிந்த இரண்டு முகடுகள் மட்டும் திரையில் இருக்கின்றன. சவேரியோ ரத்தத்தைத் துப்புகிறான். “இப்ப சொல்லு. இதுல மேலேர்ந்து வந்தது எது?” இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றன.