வெள்ளைச் சட்டையில் சொதி

"உனக்குக் கண் எங்கடாப்பா இருக்கு?"

மசூர் போட்ட சத்தத்தில் சமூகக் கல்லூரியின் மண்டபமே சாப்பிடுவதை நிறுத்தியது.

சேவைக் கழகத் தலைவர் அவர். வெள்ளைச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரை மஞ்சள் தேங்காய்ப்பால் சொதி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சரிந்த கோப்பையோடு, பரிமாற வந்த மாணவி சிபானா விறைத்துப்போய் நின்றாள். ஆனால் மசூர் ஏசியது அவளை அல்ல. இடப்பக்கக் கதிரையில் இருந்த செயலாளர் றிபாஸை.

"நான் என்ன செஞ்சன்?" என்றார் றிபாஸ்.

"என்ன செஞ்சியா? புள்ள சொதி கொண்டு வாறதையும் பாக்காம முழங்கையால இடிச்சிட்டு, கேள்வி வேற கேக்கிறாய்!"

"மச்சான், என்ட கை..."

"கதைக்காத! எழும்பி மன்னிப்புக் கேளு."

றிபாஸ் பள்ளிக்கூட ஆசிரியர். பரிமாறிக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். சிபானாவும்தான். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

எழும்பினார்.

"மன்னிச்சுக்கங்க மகள்."

சிபானா வாய் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னன், சஹன்ல, ஒரே தட்டச் சுத்தி இருந்து திண்டுட்டுப் போவம் எண்டு," என்றார் ஓர் உறுப்பினர். "மேசையும் முள்ளுக்கரண்டியும் நமக்குச் சரிவராது."

எல்லாரும் சிரித்தார்கள். குசினி வாசலில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை.

"ஒரு சட்டைக்காக எங்கட றிபாஸ் சேர இப்பிடியா ஏசுற?"

"காசுக்காரத் திமிருடி."

ஹோட்டல் வகுப்புக்கு ஒரு புது அடுப்பு அன்பளிப்புச் செய்யத்தான் கழகத்தார் வந்திருந்தார்கள். பகல் சாப்பாடு மாணவிகளின் பொறுப்பு. அதில் இன்னொரு விசயமும் இருந்தது. கழக உறுப்பினர் இப்றாஹிம் ஹாஜியார் கல்முனை டவுனில் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறக்கிறார். மேல்மாடி குடும்பப் பெண்களுக்கு. அங்கே பரிமாற ஒரு பெண்ணை, இன்றைக்கே பார்த்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். மசூருக்கு நேர் எதிரேதான் இருந்தார்.

"சிபானாவுக்குக் கிடைச்சா நல்லம்," என்று வகுப்பு ஆசிரியை ஜுனைதா, வாசலில் வைத்தே மசூருக்கும் றிபாஸுக்கும் காதோடு சொல்லியிருந்தார். "இல்லாட்டி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகணும். பாஸ்போட் ஏஜென்சிக்காரன்ட கையில. இன்னும் பேச்சே சரியா வராத தன்ட புள்ளய உம்மாட்ட விட்டுட்டுப் போகப்போறா."

சாப்பாடு முடிந்தது. ஹாஜியார் ஆள் எடுப்பதற்காக அங்கேயே நின்றுகொண்டார். மற்றவர்கள் புறப்பட்டார்கள்.

மசூரின் காரில் றிபாஸ் முன்சீற்றில் ஏறினார். மாவடிப்பள்ளி வயல் வரும்வரை முகத்தைத் திருப்பவே இல்லை.

"மசூர்."

"ம்."

"என்ட கை ரெண்டும் மடியில கிடந்த."

"தெரியும்."

"தெரியுமா?"

"அவட கைதான் நடுங்கின. ஹாஜியார் முன்னால இருந்து பாத்துக்கிட்டு இருக்கார். வேற என்ன செய்யச் சொல்றாய்? உன்ன ஏசினா நீ ரெண்டு நாளைக்கு என்னோட கதைக்க மாட்டாய். அவ்வளவுதானே? அவட பிழை எண்டா அவ பிளேன் ஏறணும்."

றிபாஸ் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"'நான்தான் திரும்பி இடிச்சன்' எண்டு பழிய உன்ட தலையில நீயே போட்டிருக்கலாமே?"

மசூர் தலையைச் சொறிந்தார்.

"அது அந்த நேரம் மண்டைக்கு வரல்ல மச்சான்."

"கள்ளன்!" றிபாஸுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. இப்றாஹிம் ஹாஜியார். மசூர் காரை ஓரங்கட்டி, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மசூர், அந்தச் சொதிப் புள்ளயத்தான் எடுத்திருக்கன்."

மசூர் றிபாஸைப் பார்த்துக் கண்ணடித்தார். "அல்ஹம்துலில்லாஹ்! அவவில ஒரு பிழையும் இல்ல ஹாஜியார். எல்லாம் இவன்ட முழங்கை..."

"சும்மா பொய் சொல்லாத மனிசன்! நான் என்ன கண்ண மூடிக்கிட்டா இருந்தன்? அவட கைதான் தவறின. இவ சரிவராது எண்டு அங்கேயே முடிவெடுத்துட்டன்."

மசூரின் சிரிப்பு நின்றது. "பின்ன?"

"நீங்க போன பிறகு அவவாவே என்னத் தேடி வந்தா. 'றிபாஸ் சேர்ட கை படவே இல்ல, நான்தான் ஊத்தின. எனக்கு வேல தராட்டியும் பரவால்ல ஹாஜியார், சேர்ல பிழை இல்ல எண்டு மட்டும் எல்லாருக்கும் சொல்லிருங்க' எண்டு நிண்டா. சொதி ஊத்த நான் பழக்குவன் மசூர். இத ஆர் பழக்கிற?"

றிபாஸ் போனுக்குக் கிட்டச் சாய்ந்தார்.

"வேல தந்துட்டன் எண்டு சொல்லியும் அழுகை நிக்குதில்ல. தன்னால சேருக்கு மானம் போய்ட்டாம். றிபாஸ் கிட்ட இருக்கானா? போனக் குடு, அவவும் இஞ்சதான் நிக்கிறா."

மசூர் போனை நீட்டினார். றிபாஸ் வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"அழாதங்க மகள்," என்றார். "என்ட முழங்கையும் லேசாப் பட்டதுதான்."