தென்திசை கேட்கும் பெயர்

பென்னாகரத்துப் புன்செய் நடுவே நிற்கும் கூரை வீட்டின் வாயில் வழியே காலைக் கதிர் நுழைந்து, தவிடு பரப்பிய முறத்தின்மேல் பொன்துகளாய்ச் சொரிகின்றது. முறத்தருகே நாத்தனார் முனியம்மாள் குந்தியிருக்கின்றாள். பெயரிடும் உரிமை அவளுடையது. மகவைத் தவிட்டில் கிடத்தி இழிபெயர் சூட்டினால் கூற்றுவன் அருவருத்து அகல்வான் என்பது அவ்வூரார் துணிபு. தாய் மாதம்மாளோ பச்சிளம் மகளை மார்போடு அணைத்தபடி அசையாது நிற்கின்றாள். நெற்றியில் மஞ்சள் ஈரம், விழியில் அச்சமில்லை.

"குடு புள்ளய. குப்பின்னு கூப்புட்டுட்டு எந்திரிக்கறேன்."

"மூத்ததுக்குக் குப்பன், அடுத்ததுக்குப் பிச்சைன்னு நீங்கதானே வெச்சீங்க? ரெண்டும் தங்கலியேக்கா. எமன் குப்பையிலயும் கை வுட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இவ பேரு 'இருப்பாள்'."

"இதென்னடி பேரு! சந்தையில சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுங்க்கா. சிரிக்கறவங்க வாயிலயும் 'இருப்பாள்'னுதானே வரும்."

முனியம்மாளின் விரல்கள் தவிட்டை அளைந்து, நிற்கின்றன. மாண்ட இரு மகவையும் குழியில் இறக்கிய விரல்கள் அவை. மெல்ல எழுந்து முறத்தை வாயிலில் கவிழ்க்கின்றாள். கோழிகள் ஓடிவந்து கொத்துகின்றன. குழந்தையை வாங்கி அதன் செவியில் அப்பெயரை ஓதுகின்றாள். அது போதவில்லை போலும். முற்றத்தில் இறங்கி, கூற்றுவனுக்குரிய தென்திசை நோக்கி நிமிர்ந்து, மேட்டில் மேயும் மாடுகளை அழைக்கும் குரலில் கூவுகின்றாள்: "இருப்பாள்! எங்க வூட்டுல இருப்பாள்!"

அக்குரலையும் விஞ்சி மகவு வீறிடுகின்றது.