பழைய சத்தமே வேணும்

"வேகம் கூட வேண்டாம் தம்பி. பழைய சத்தம் வந்தாப் போதும்."

லேப்டாப் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஸ்பேனரைவிட மடிக்கணினியை அதிகம் பிடித்து எஞ்சினுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்பதால் அந்தப் பட்டறைத் தெருவில் அவனுக்கு அதுதான் பெயர். அவள் ட்ரக்கின் எஞ்சினை இயக்குகிற, கருகிப்போன கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுப் பந்தய வண்டிகளுக்கென்று தனியாக விற்கிற புதுக் கம்ப்யூட்டரைப் பொருத்தியிருந்தான். எஞ்சின் பட்டுப் போல ஓடியது. அதுதான் அவளுக்குக் குறை.

"அக்கா, இந்தக் கம்ப்யூட்டரப் போடறவங்க எல்லாம் வண்டி பறக்கணும்னு கேப்பாங்க. இருமணும்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

"இருமட்டும். நிறுத்தும்போது டப் டப்னு ரெண்டு தடவ வெடிக்கணும்."

"எஞ்சினுக்கு அது நல்லதில்லக்கா."

"சத்தம் மாறினா வீட்ல ஒரு உசிரு போயிடும் தம்பி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வண்டிப் பைத்தியங்களை நிறையப் பார்த்தவன் அவன். இவள் வீட்டுக்காரர் அதில் முற்றிய ரகம் போலிருக்கிறது.

"சாரையே வரச் சொல்லுங்க. வந்து கேட்டுட்டுப் போகட்டும். நடுவுல உங்கள எதுக்குப் போட்டுப் படுத்தறாரு?"

"அவரால வர முடியாது" என்றவள் தன் கைப்பேசியை நீட்டினாள். அதில் எஞ்சின் கரகரத்தது, இருமியது, இரண்டு முறை வெடித்து அடங்கியது. பின்னால் ஓர் ஆண் குரல் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுக்க, அவசரமாக நிறுத்திவிட்டாள்.

பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி, தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாக்கி, திரையில் எண்களை மாற்றி மாற்றி அவன் நல்ல எஞ்சினைக் கெடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணை மூடிக் கேட்டாள், தலையசைத்து மறுத்தாள். மாலை வெயில் பட்டறைக்குள் சாய்ந்தபோது எஞ்சின் இருமி, டப் டப் என்று வெடித்து நின்றது. அவள் பானெட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதேதான் தம்பி. ஷெட்டுக்குள்ள விட்டா எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும். நீங்களும் கூட வாங்க. வண்டிய மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு ரிவர்ஸ் சரியா வராது."

வீட்டை ஒட்டிய ஷெட் ஒடுக்கமானது. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நேராக உள்ளே ஏற்றினாள். முன்பக்கம் பின்சுவரை முட்டுகிற மாதிரி போய் நின்றது. இருமல். டப் டப். அமைதி.

இறங்கிய லேப்டாப்பின் கண் தரைக்குத்தான் போனது. ஷெட் வாசலோரம் சிமெண்டில் ஊறிப்போன பழைய ஆயில் கறை. ஆயில் ஒழுகுகிறதோ என்று பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தான். எஞ்சின் இருந்ததோ பின்சுவர்ப் பக்கம், அந்தக் கோடியில்.

"வந்துட்டானா?" ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கிழக்குரல்.

"வந்துட்டாரு மாமா. குளிக்கப் போறாரு."

லேப்டாப் திரும்பிப் பார்த்தான். வண்டியில் வந்தது அவர்கள் இருவர் மட்டும்தான்.

அவள் அவனை வாசலுக்கு இழுத்து வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "இந்த வண்டிய வாங்கினதுலேருந்து அப்பாவும் புள்ளையும் பேசறதில்ல. ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டு மூஞ்சிகூடப் பாத்துக்க மாட்டாங்க. ஆனா சாயங்காலம் இந்தச் சத்தம் கேக்காம மாமா தட்டுல கை வைக்க மாட்டாரு."

"சரி, சார் எங்க?"

"மாமா ஹார்ட் ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, இவரு வேலை செய்யற கட்டடத்துல சாரம் சரிஞ்சு..." ஷெட்டில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "எழுந்து நடமாடட்டும், அப்புறம் சொல்லலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் தெனமும் நானே எடுத்துட்டுப் போயிட்டு வரேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பாடு எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

"யாரது, மெக்கானிக் தம்பியா? உள்ள வாங்க" என்றது ஜன்னல்.

பெரியவர் ஜன்னல் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போன்ற உடம்பு. "புதுக் கம்ப்யூட்டர்னு சொன்னா. சத்தம் அச்சு அசலா அப்படியே இருக்கே! கெட்டிக்காரன்தான் நீ."

லேப்டாப் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு முரண்டு பிடித்தது. "எல்லாம் உங்க பையன்தாங்க ஐயா. கூடவே நின்னு, இப்படி வை, அப்படி வைன்னு உயிர எடுத்துட்டாரு."

"எடுப்பான், எடுப்பான்." பெரியவர் மெல்லச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் தலை ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளே அவள் தட்டு எடுத்து வைக்கிற ஓசை கேட்டது.

அவர் விரலை அசைத்து அவனைக் கிட்டே அழைத்தார். குனிந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என் புள்ள ஒரு நாளும் வண்டிய நேரா உள்ள விட்டதில்லப்பா. காலையில கெளம்பத் தோதா ரிவர்ஸ்லதான் வருவான்."

காலடிச் சத்தம் அறையை நெருங்கியது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடத் தயாராகிறவர் போல நிமிர்ந்து சாய்ந்தார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத."