காலி மேடையில் அறுபது கிலோ

இந்தக் காலத்தில் எவனும் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது குணசேகரனின் தீராத எரிச்சல். அன்று மட்டும் அதை மறந்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திருவொற்றியூர் லாரி எடைமேடைக்கு வந்திருந்தார். மேடையின் கம்ப்யூட்டருக்கு அவர் மகள் கார்குழலி புரோகிராம் எழுதியிருந்தாள். பெருமை தாங்காமல் முதல் ஆளாக அவரே ஏறி நின்றார். எடை காட்டும் பலகையில் அறுபது கிலோ என்று வந்தது.

அவர் இறங்கினார். அறுபது இறங்கவில்லை.

கார்குழலி புரோகிராமை மூடினாள். "வேலை முடிஞ்சிச்சு நைனா. கூப்ட்டவங்க கைல கணக்கக் குட்த்துட்டு புரோகிராமு போயிடும்."

"போச்சின்னு நீ பாத்தியா?"

அவள் கம்ப்யூட்டரின் ஒயரையே பிடுங்கினாள். காலி மேடை அறுபதே காட்டியது.

"ஆளில்லாத மேடைக்கு எடை காட்டினா லாரிக்காரன் என்னைச் சும்மா விடுவானா? நான் முன்னே எடை போட்ட பழைய ஆளையே கூப்பிடுதேன்," என்றார் முதலாளி தவசிமுத்து. கார்குழலியின் முகம் சுருங்கிப்போனது.

குணசேகரனுக்குப் பொறுக்கவில்லை. "எம்பொண்ணு பண்ணதுய்யா இது, மரியாத தெரிஞ்சது. சொல்லாம கொள்ளாம எறங்குனது நான்தான்." மேடையோரம் போய் நின்று, கைகூப்பி, "போய்ட்டு வரேன்" என்றார்.

யாரோ இறங்கியது போல இரும்புத் தகடு லேசாக முனகியது. பலகையில் பூஜ்யம் வந்தது.

"சரிம்மா, நாளையிலேர்ந்து இதையே ஓட்டு," என்றார் தவசிமுத்து.

"பாத்தியா நைனா, போயிடுச்சு!" என்று கார்குழலி சிரித்தாள்.

"இன்னாத்தப் போச்சு," என்றபடி அவர் கேட்டைப் பார்த்து நடந்தார், பக்கத்தில் இன்னொரு ஆள் நடக்க இடம் விட்டு.