விலாசம் தவறிய புழு

அப்பாவின் கால் முக்காலியின் மேல் இருந்தது. மகளின் கையிலிருந்த டார்ச் அதை விசாரித்துக்கொண்டிருந்தது.

"எறும்பு கடிச்சிருக்கும்மா. இதுக்குப் போய் போலீஸ் மாதிரி லைட் அடிக்கிறே?"

எறும்பு இல்லை. கொசுவும் இல்லை. பாதத்தில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை, கோடு கிழித்தாற்போல. எந்த எறும்பு இவ்வளவு ஒழுங்காக எல்லை பார்த்துக் கடிக்கும்?

"அந்தக் காலையும் காட்டுங்க."

அந்தக் காலிலும் அதே உயரம். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டால் எதுவரை வருமோ, சரியாக அதுவரை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? கால்நடை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலையே இதுதான். பூங்காக் குளத்துக்கு எங்கிருந்தோ பறந்து வரும் காட்டு வாத்துகளின் எச்சத்தைச் சின்னச் சின்ன ஜாடிகளில் அள்ளி வந்து, உள்ளே என்ன கிருமி, என்ன புழு என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஒருமுறை மறதியாக ஒரு ஜாடியை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். ஜாம் என்று நினைத்து, ரொட்டியும் கையுமாக அப்பா அதன் மூடியோடு மல்லுக்கட்டினார். நல்லவேளை, மூடி ஜெயித்தது. அன்றிலிருந்து அவள் அவருக்கு 'வாத்து டாக்டர்'.

வாத்துகள் பார்வைக்குத்தான் பரம சாது. நம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வைக்கும் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு, தமக்கு ஒரு தும்மல்கூட இல்லாமல் ஒய்யாரமாக நீந்தும். குடலில் குடித்தனம் நடத்தும் புழுக்கள் தனிக் கணக்கு.

அவற்றில் ஒரு புழுவை நினைத்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். அதன் முட்டை எச்சத்தோடு தண்ணீரில் விழும். பொரிந்து வரும் குஞ்சு ஒரு நத்தைக்குள் புகுந்து வளரும். வளர்ந்ததும் வெளியே வந்து, ஒரு வாத்தின் காலைத் தேடி அலையும். அந்த நேரம் பார்த்து மனிதக் கால் ஒன்று தண்ணீரில் இறங்கினால், அவசரக் குடுக்கை, அதற்குள் நுழைந்துவிடும். நுழைந்த பிறகுதான் விலாசம் தவறிவிட்டது தெரியும். திரும்பவும் வழியில்லை. தோலுக்குள்ளேயே உயிரை விடும்.

மனிதனுக்கு மிஞ்சுவது சில நாள் அரிப்பு. ஆபத்து ஒன்றும் இல்லை.

இந்தப் புழுவும் நத்தையும் சேர்ந்து இருக்கும் இடம் ஊரிலேயே ஒன்றுதான். அங்கே 'தண்ணீரில் இறங்காதீர்கள்' என்று பலகை வைக்கச் சொன்னவளும் அவள்தான்.

"அப்பா, பூங்காக் குளத்துல இறங்கினீங்களா?"

"நானா? குளத்துலயா?" அப்பா ஜன்னலைப் பார்த்தார். "எனக்குத்தான் நீச்சலே தெரியாதே, வாத்து டாக்டர்."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அம்மா போன பிறகு அப்பா சோபாவே கதி என்று கிடந்தவர். இருட்டோடு கிளம்பும் இந்தக் காலை நடையெல்லாம் அண்மையில்தான். இதற்கிடையே, வேறு ஊரில் இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது. வருகிறாளா இல்லையா என்று இன்று காலை அங்கே சொல்லியாக வேண்டும்.

'நான் நல்லாத்தான் இருக்கேன், நீ கிளம்பு' என்று அப்பா தினமும் சொல்லுகிறார். காய்ச்சலில் அனத்தும்போதும் இதையேதான் சொல்வார். அதை நம்பி எப்படிப் பெட்டி கட்டுவது?

இப்போது இது வேறு. நீச்சல் தெரியாத மனிதர், ஊர் எழுந்திருக்கும் முன், தனியாக, முழங்கால் தண்ணீரில் எதற்கு நிற்க வேண்டும்? இன்று முழங்கால். நாளை?

டார்ச்சை அணைத்தாள். வரவில்லை என்று சொல்லிவிடுவது என அந்த நொடியிலேயே முடிவு செய்தாள். பெரிய ஆய்வுக்கூடம் எங்கே ஓடிவிடப்போகிறது? அப்பா ஒருவர்தானே.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் மருந்து அலமாரியைத் திறந்தாள். ஒரு களிம்பு ட்யூபை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. சொறியாதீங்க, புண்ணாயிடும்."

அப்பா ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணு இருக்கா?"

"இதுவே உங்களுக்கு ஒரு மாசம் வரும்ப்பா. மெல்லிசா தடவினா போதும்."

"வரும், வரும்..." முக்காலியிலிருந்து காலை இறக்கினார். இல்லாத சுருக்கத்தை நீவுவதுபோல் பேன்ட்டை நீவினார். "அவங்களுக்கு என்னைவிட ஜாஸ்தியா இருக்கு. கடைக்குப் போய்க் கேக்கக் கூச்சப்படறாங்க. பலகையைப் படிங்கன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன். தண்ணி ஜில்லுன்னு இருக்கு, சும்மா வாங்கன்னு புடவையைத் தூக்கிச் செருகிட்டு அவங்கதான் கையைப் பிடிச்சு..."

சொல்ல வந்ததைவிட அதிகமாகவே சொல்லிவிட்டோம் என்று புரிந்து, ட்யூபின் மூடியைத் திருகத் தொடங்கினார்.

அது யார் என்று மகள் கேட்கவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் துழாவினாள். பிறகு இரண்டாவது ட்யூபை எடுத்து முக்காலியின் மேல் வைத்தாள்.

அப்பா பக்கம் பார்க்காமலே போனை எடுத்தாள்.

"சார், நான்தான். எப்ப வந்து சேரணும்?"