சீட்டுக்கு அடியில் ஒரு நம்பர்

"அக்கா, உங்க வண்டியை வாங்கினவன் பேசறேன். நான் வண்டியை வாங்கினேன், அது என் உயிரை வாங்குது!"

வாசலில் பழைய சாக்கை விரித்து, அதன் மேல் ஸ்பானர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன். செல்போன் ஸ்பீக்கரில் ஸ்டூல் மேல் இருந்தது. 

"எந்த வண்டி?" என்றது எதிர்முனையில் பெண் குரல்.

"விளையாடாதீங்கக்கா. கருப்பு வண்டி. சீட்டைக் கழட்டினேன், அடியில வெள்ளைப் பெயிண்ட்ல இந்த நம்பர் எழுதியிருக்கு. அதான் கூப்பிட்டேன்."

 எதிர்முனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"டேங்க்ல வலது பக்கம் நசுங்கியிருக்கா?"

"முழங்கை வைக்கலாம், அவ்வளவு பள்ளம்."

"சரி... வண்டிக்கு என்ன தம்பி?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வண்டி. நாளைக் காலை எட்டு மணிக்குச் சொந்த வண்டியோடு கூரியர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலை அடுத்தவனுக்கு. தெருமுனை மெக்கானிக் கடை இரண்டு நாளாகப் பூட்டு. வண்டியை விற்றவர் கொடுத்த நம்பரோ நேற்றிலிருந்து சுவிட்ச் ஆஃப். நல்லவேளை, அவர் வீட்டு நம்பராவது கிடைத்ததே!

"ஸ்டார்ட் ஆகுதுக்கா. ஆக்ஸிலேட்டரைத் திருகினா பொத்துனு நின்னுடுது."

"பிளக்கைப் பாத்தீங்களா?"

"ஒரே கரி. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டிட்டேன். அப்பவும் அதே கதைதான்."

"அப்ப கார்புரேட்டர்தான். பெட்ரோலை மூடிட்டு, அடியில இருக்கற கிண்ணத்தைக் கழட்டுங்க. நாலு ஸ்குரூ இருக்கும். மூணு ஒரே மாதிரி. நாலாவது மரை போனது, அதுக்கு மட்டும் பெரிய ஸ்குரூவா போட்டிருப்பேன்."

அவன் குனிந்து பார்த்தான். சொல்லி வைத்த மாதிரி அப்படியே இருந்தது.

"எப்படிக்கா இதெல்லாம்..."

"எங்க வீட்டுல ஓட்டறது ஒருத்தர், பாத்துக்கறது நான்."

ஈரக் கையோடு வந்து நின்ற அவன் மனைவி சிரித்தாள். "மரை கழண்டது ஸ்குரூவுக்கு மட்டும்தானா? ஆர்.சி. புக் இல்லாம வண்டி வாங்கினவருக்கும் கழண்டிருக்கும் போல."

"சும்மா இருடி. ரெண்டு நாள்ல தரேன்னு சொல்லியிருக்காங்க."

கிண்ணம் கையோடு வந்தது. அடியில் காப்பிப் பொடி மாதிரி கசடு.

"நடுவுல சின்னதா ஒரு பித்தளைத் துண்டு தெரியுதா? அதைத் திருகி எடுங்க. அதுல இருக்கற ஓட்டை அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குடைஞ்சுடாதீங்க, ஓட்டை பெருசாயிடும். வாயால ஊதுங்க."

ஊதினான். நாக்கெல்லாம் பெட்ரோல். தூவென்று துப்பிவிட்டு மறுபடி ஊதினான்.

"வெயில்ல தூக்கிப் பாருங்க. ஊசிமுனை அளவுக்கு வானம் தெரியணும்."

"தெரியுதுக்கா! தெரியுது!"

"அவசரப்படாதீங்க. கழட்டின மாதிரியே மாட்டுங்க. ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

கால் மணி நேரம் ஆனது. அதுவரை அந்தப் பெண் போனை வைக்கவே இல்லை. வண்டியை விற்றுவிட்டு இப்படிப் பொறுமையாகப் பேசுகிற மனுஷங்களும் இருக்கிறார்களா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. திருகினான். உறுமியது. நிற்கவில்லை. மனைவி கைதட்டினாள்.

"கேக்குதாக்கா? ஓடுது!"

"கேக்குது தம்பி." குரல் உடைந்திருந்தது. "கொஞ்ச நேரம் ஓடட்டும். நிறுத்தாதீங்க."

அழுகிறாளோ? ஆசையாக வைத்திருந்த வண்டி போலிருக்கிறது. அவனுக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சை மாற்றினான்.

"நீங்க இவ்வளவு வேலை தெரிஞ்சவங்கன்னு நினைக்கவே இல்லக்கா. அன்னைக்கு அண்ணன் பின்னாடி வாயே திறக்காம நின்னீங்களே! இடுப்புல இருந்த பாப்பா நல்லா இருக்கா?"

"நான் எங்கயும் நிக்கலயே தம்பி. எந்த அண்ணன்?"

"வண்டியை வித்த அண்ணன்தான். நல்ல உசரம். வார்த்தைக்கு வார்த்தை 'என்ன நான் சொல்றது, என்ன நான் சொல்றது'ன்னு கேப்பாரே. சாவி குடுக்கறப்ப பாத்தேன், இடது கையில..."

"கட்டை விரல்ல நகம் இருக்காது."

"அவரேதான்! உங்க வீட்டுக்காரர்தானேக்கா?"

 வண்டி மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மெல்லக் குனிந்து போனை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, வெள்ளம் வந்த அன்னைக்கு அந்த வண்டியில வேலைக்குப் போனவர் திரும்பி வரவே இல்ல தம்பி. நீங்க கூப்பிட்டதும், ஆத்துல கிடந்த வண்டியை யாரோ எடுத்து உங்களுக்கு வித்திருக்காங்கன்னு நினைச்சேன். எந்த இடத்துல கிடைச்சதுன்னு கேட்டா அவர் எலும்பையாவது தேடி எடுத்துடலாம்னுதான், நீங்க பயந்து போனை வச்சுடாம இருக்கணும்னு இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தேன்."