மூன்றாவது கம்பெனி

“வாயைத் திறந்து பேசத் தெரியாதவன் எல்லாம் ஜன்னல் மாட்டக் கிளம்பிட்டான்!”

முதல் கம்பெனிக்காரரை வாசலோடு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார் மேஸ்திரி. துணி மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மில் அவரை விட்டுவிட்டது, அவர்தான் மேஸ்திரித்தனத்தை விடவில்லை. மிரட்டுவதற்கு இப்போது மனைவியும் மகளும்தான் பாக்கி.

மகள் நர்ஸ். எப்போதும் இரவு ஷிஃப்ட். பகலில் கண்ணசரலாம் என்றால் எதிரே கிரில் பட்டறை, இரும்பு அறுத்துக்கொண்டே இருப்பார்கள். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஒரு நோயாளிக்கு ஊசி மாற்றிப் போடப் போய், கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதவள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

“போடலாம். எந்தக் கம்பெனின்னு நான்தான் முடிவு பண்ணுவேன்” என்றார் மேஸ்திரி. ஊருக்கே தீர்ப்புச் சொல்பவர் மாதிரி.

“அந்தப் பையன் நல்லாத்தானே பேசினான்?” மனைவி எதிரே வந்து நின்று கேட்டாள்.

“பேசினானா? முணுமுணுத்தான்! தன் சரக்கு மேல நம்பிக்கை இருக்கிறவன் அப்படியா பேசுவான்?”

அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை கையை ஆட்டி, உரக்கச் சொன்னார். அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“என்னை என்ன மடையன்னு நினைச்சியா? எனக்கே பாடம் எடுக்கிறியா? எடத்தைக் காலி பண்ணு!”

“வர்றவனை எல்லாம் இப்படி விரட்டினா, கடைசியில அவ வேலைதான் போகும்” என்றாள் மனைவி.

“உனக்கென்னடி தெரியும்? முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவுல நின்னவன் நான். நூறு தறி ஓடும்போது, எது மக்கர் பண்ணுதுன்னு காதாலேயே கண்டுபிடிச்சவன்!”

இந்தப் பழங்கதையைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவள், வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

மூன்றாவது கம்பெனிக்காரர் அதிகம் பேசவில்லை. அதுவே மேஸ்திரிக்குப் பிடித்துப்போயிற்று. வந்தவர் ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார். பக்கமெல்லாம் இரட்டைக் கண்ணாடி, உள்ளே ஓர் அலாரம் கடிகாரம். மணி அடிக்கும்போது மேல்மூடியைப் போட்டால் சத்தம் அடங்கிவிடும். அதுதான் சோதனை.

“இருப்பா. கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது” என்ற மேஸ்திரி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். “ம், ஆரம்பி!”

கம்பெனிக்காரர் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார். மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டார்.

“அடடா! பொட்டுச் சத்தம் இல்லையே!” என்று தொடையைத் தட்டினார். “இதுதான்யா கம்பெனி! நாளைக்கே வந்து மாட்டு. முன்னாடி வந்த ரெண்டு தண்டங்களையும் கூப்பிட்டு இதைக் காட்டணும்!”

ஜெயித்த முகத்தோடு திரும்பினார். உள்ளறை வாசலில், தூக்கம் கலைந்த மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். மனைவி வெங்காயக் கையோடு ஓடிவந்திருந்தாள்.

கம்பெனிக்காரர் தயங்கினார். பிறகு மேஸ்திரியின் பக்கம் குனிந்து, உரக்கவே சொன்னார்.

“ஐயா, நான் இன்னும் மூடியே போடலீங்க!”